கை தூக்கச் சொல்லாத கூட்டம்

பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு சுவிசேஷக் கூட்டம் ஏற்பாடு பண்றதும் ஒரு வேலைதான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, வர்றவன் போறவன் எல்லாரும் மேஸ்திரி. ஞாயிறு பள்ளி எடுக்கிறவங்க, வாலிபர் கூட்டத்துக்குப் பாய் விரிக்கிறவங்க, எல்லாரும் போனப்புறம் நின்னு அண்டா கழுவுறவங்க, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீங்க. நான் பட்டதைச் சொல்றேன், உங்களோடதோட ஒத்துப் பாருங்க.

நான் ஏழாவதோட நின்னவ. நாலு பேர் இருக்கிற இடத்துல பேச வாய் வராது. எங்க சபை கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போற ரோட்டுல இருக்கு. தகரக் கூரை, பதினெட்டு பெஞ்சு. இடுப்புல பதினோரு மாசப் பிள்ளை. இவ்வளவுதான் என் தகுதி.

டீ கொண்டு போன இடத்தில்

கமிட்டி நடந்துகிட்டிருந்தது. நான் டீ கொண்டு போனேன். செயலாளர் சாலமோன் ஐயா நோட்டைத் திறந்து வெச்சுப் படிச்சார். அவர் சர்க்கரை மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்து ஓய்வு வாங்கினவர். யாரு வந்தாங்க, யாரு வரலைன்னு முப்பது வருஷம் எழுதின கை. வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு ஒரு எழுப்புதல் கூட்டம் போடுவோம். வெளியூர்ப் பிரசங்கியார் வருவார். கடைசியில எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, இயேசுவை ஏத்துக்கிறவங்க கை தூக்குங்கன்னு சொல்லுவார். ஐயா பின்னாடி நின்னு எண்ணுவார். "போன வருஷம் நாப்பத்திரெண்டு கை. அதுக்கு முந்தின வருஷம் முப்பத்தொம்பது" என்று படிச்சார். எல்லாரும் தலையாட்டினாங்க.

தட்டைக் கையில வெச்சுக்கிட்டே நான், "ஐயா, அது அதே கைங்கதாங்க" என்றேன். எப்படி வந்ததுன்னு தெரியாது, வந்துடுச்சு. அதே பிள்ளைங்கதான் வருஷா வருஷம் தூக்குதுங்க, தூக்கிட்டுப் போயி எதுவும் கேக்க ஆள் இல்லாம வூட்டுல உக்காந்துருக்குதுங்கன்னு மீதியையும் சொல்லி முடிச்சேன். ஐயாவுக்குக் கோவம். "அப்ப நீயே நடத்து" என்றார். கேலியாத்தான் சொன்னார். நான் "சரிங்க" என்றேன். அவர் உடனே ஒரு நிபந்தனை போட்டார். கடைசி ஜெபம் முடியுற வரைக்கும் பிள்ளைங்க எந்திரிக்காம உக்காந்திருக்கணும். பாதியில பெஞ்சு காலியாச்சுன்னா, அடுத்த வருஷத்துலேருந்து பழையபடி வெளியூர்ப் பிரசங்கியார், பழையபடி கை தூக்கறது, நான் அதுல வாய் திறக்கக் கூடாது. அதுக்கும் சரின்னேன். அவர் என்னை மேலேயும் கீழேயும் பார்த்துட்டு, "அஞ்சு வருஷமா டீ குடுக்கிற. உன் குரலையே இன்னைக்குத்தான் கேக்கறேன். நீ இன்னாம்மா பேசப் போற?" என்றார்.

என் முழங்கையைப் பிடிச்சவங்க

ஏன் இந்த வம்பை இழுத்துப் போட்டுக்கிட்டேன்னு கேப்பீங்க. எனக்குப் பதினாலு வயசு இருக்கும்போது இதே மாதிரி ஒரு கூட்டம். அதுக்கு முந்தின வருஷம்தான் என் தம்பி காய்ச்சல்ல செத்துப் போனான். மூணு நாள் ஆஸ்பத்திரி வராண்டாவுல முட்டிபோட்டு வேண்டிக்கிட்டிருந்தோம். ஆண்டவர் ஏன் அவனைத் திருப்பித் தரலைன்னு யாரையாவது ஒரு ஆளைக் கேக்கணும்னுதான் அந்தக் கூட்டத்துக்கே போனேன். பிரசங்கம் முடிஞ்சது. கண்ணை மூடச் சொன்னாங்க. கை தூக்கச் சொன்னாங்க. நான் தூக்கலை. பெஞ்சுக்கு நடுவுல நடந்துகிட்டிருந்த ஒரு அக்கா என் முழங்கையைப் பிடிச்சு மெதுவா மேல தூக்கி விட்டாங்க. "கூச்சப்படாத, ஆண்டவர் பாத்துக்கினு இருக்காரு" என்று காதுல சொன்னாங்க.

எனக்குக் கூச்சம் இல்லை, கேள்விதான் இருந்தது. அதை அந்த அக்காகிட்ட சொல்ல வாய் வரலை. முன்னாடி கூட்டிப் போயி வரிசையில நிக்க வெச்சு, பேரு எழுதிக்கிட்டாங்க. பேரு எழுதினவர் நிமிர்ந்து கூடப் பாக்கலை. வூட்டுக்கு வந்து ஒரு மூலையில உக்காந்தேன். அதுக்குள்ள செய்தி வந்துடுச்சு. எங்கம்மா குடத்தைக் கொண்டு வந்து என் முன்னாடி வெச்சாங்க. "கை தூக்குனியாமே, ரொம்ப சந்தோசம். அந்தக் கையாலயே இதயும் தூக்கினு போயி தண்ணி புடிச்சினு வா."

அச்சாபீஸில்

நோட்டீஸ் போடணும். கமிட்டியில ஒருத்தர், "சுவிசேஷக் கூட்டம்னு போட்டா வெளிப் பிள்ளைங்க வராது. கோடைக் கொண்டாட்டம், பாட்டு, பரிசு, இங்கிலீஷ் பேசக் கத்துத் தர்றோம்னு போடு. வந்தப்புறம் நம்ம விஷயத்தைச் சொல்லிக்கலாம்" என்றார். எல்லாரும் செய்றதுதானே என்றும் சொன்னார். எனக்கு அது பிடிக்கலை. பெத்தவங்ககிட்ட ஒண்ணு சொல்லிக் கூட்டி வந்து, பிள்ளைங்ககிட்ட இன்னொண்ணு சொன்னா, நாம சொல்றது எதை அவங்க நம்புவாங்க? முடியாதுன்னு சொல்லிட்டேன்.

நானே ஒரு தாள்ல எழுதி எடுத்துக்கிட்டு, பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு, ஷேர் ஆட்டோவுல கள்ளக்குறிச்சி போனேன். எழுதினது இவ்வளவுதான்: "இது இயேசுவைப் பத்திப் பேசுகிற கூட்டம். அம்மா அப்பா சம்மதத்தோடு வந்தால் போதும். என்ன கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். பரிசு கிடையாது. கை தூக்கச் சொல்ல மாட்டோம். மதியச் சாப்பாடு உண்டு." அச்சாபீஸ் அண்ணன் ரெண்டு தரம் படிச்சார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு மூணாந்தரமும் படிச்சார். "நோட்டீஸ் அடிக்கச் சொன்னியா, வாக்குமூலம் அடிக்கச் சொன்னியாம்மா?" என்று கேட்டார்.

அஞ்சலை வூட்டு வாசலில்

சம்மதம்னு போட்டாச்சு, அப்புறம் வாசப்படி ஏறாம முடியுமா? சபை வூடுங்க சுலபம். சபைப் பிள்ளைங்களோட கூடப் படிக்கிற பிள்ளைங்க வூட்டுக்குப் போறதுதான் கஷ்டம். ஒரு வூட்டுல அந்த அண்ணன் நோட்டீஸைப் படிச்சுட்டு, "எங்க பையன் வரமாட்டான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவர் உரிமை அது. "சரிங்கண்ணா" என்று வாங்கிக்கிட்டு வந்தேன். தெரு முனை வரைக்கும் காது சுட்டுக்கிட்டே இருந்தது.

அஞ்சலையக்கா கரும்பு வெட்டப் போறவங்க. அவங்க பொண்ணு கௌசல்யா ஒன்பதாவது. அக்கா அப்பத்தான் வேலையிலேருந்து வந்து, வெட்டுக்கத்தியைச் சுவத்துல சாத்திட்டு, கைகால் கழுவிக்கிட்டிருந்தாங்க. நான் நின்னேன். என்னா சேதின்னு அவங்களே கேக்க வேண்டியதாப் போச்சு. சொன்னேன். "மதம் மாத்துவீங்களா?" என்று நேராக் கேட்டாங்க. "இல்லக்கா. எங்க சாமியப் பத்திப் பேசுவோம், அதுல ஒளிவு மறைவு இல்ல. கௌசல்யா கேக்கும், சாப்புடும், வூட்டுக்கு வந்துடும். அதுக்கு மேல அது மனசு, உங்க மனசு. நீங்களும் வந்து பின்னாடி உக்காருங்க" என்றேன். அவ்வளவு நீளமா நான் பேசினதில்லை. அக்கா முந்தானையால முகத்தைத் தொடைச்சாங்க. "அவனவன் பென்சில் டப்பா, பிஸ்கோத்து எல்லாம் குடுத்து உக்கார வெச்சிட்டுத்தான் விசயத்தையே எடுப்பான். நீ விசயத்த மொதல்ல சொல்லிட்டு வெறுங்கையோட வந்து நிக்கிற. உனக்கு யேவாரமே தெரியலடி. போ, அனுப்பறேன்."

மலையில் ஒரு நிபந்தனை

மலை மேல ஒரு ஊருல எங்க சபையைச் சேர்ந்த அஞ்சாறு குடும்பம் இருக்கு. அங்க போன அன்னைக்குப் பெரியவங்க எல்லாரும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போயிட்டாங்க. கொல்லைக்கே போயி, குனிஞ்சு நின்னவங்ககிட்டயே சம்மதம் கேட்டேன். வளைவு ரோட்டுல பஸ்ஸுல வாந்தி எடுத்த களைப்பு எனக்கு, தூக்கக் கலக்கம் பிள்ளைக்கு. பெத்தவங்க யாரும் வேணாம்னு சொல்லலை. பிள்ளைங்கதான் ஒரு ஓரமாக் கூடிக் குசுகுசுன்னு பேசிக்கிட்டாங்க. அப்புறம் எட்டு பேரும் சேர்ந்து வந்தாங்க.

"யக்கா, நீங்க மைக்குல அழுவீங்களா?" என்று ஒரு பொண்ணு கேட்டாள். எதுக்கும்மா என்றேன். போன வருஷம் வந்த பிரசங்கியார் கடைசியில மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதாராம். ரொம்ப நேரம் அழுதாராம். அழுறவரை விட்டுட்டு எந்திரிச்சுப் போகவும் முடியலை, பாத்துக்கிட்டு உக்காரவும் முடியலை, அதனாலதான் கை தூக்கினாங்களாம். அந்த நாப்பத்திரெண்டுல எட்டு இப்படித்தான் வந்ததுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. அழ மாட்டேன்னு சொன்னேன். அவள் மத்தவங்களைத் திரும்பிப் பார்த்தாள். "எதுக்கும் எங்க தலமேல கை வெச்சு அழுத்த மாட்டீங்கன்னும் சொல்லிடுங்க, வரோம்."

பால் பவுடர் டப்பா

பேசக் கூச்சப்படுற பிள்ளைங்க எழுதிப் போடட்டும்னு, என் பிள்ளையோட காலி பால் பவுடர் டப்பா மூடியில ஓட்டை போட்டு, சபை வாசல்ல வெச்சேன். பேரு எழுத வேணாம்னு சொன்னேன். மூணு வாரத்துல டப்பா நிறைஞ்சது. ஜெபம் பண்ணிட்டுப் படிக்காமப் போனா பாஸ் ஆவலாமா? எங்க தாத்தா கிறிஸ்தவர் இல்லை, ஆனா நல்லவர், அவரு எங்க போயிருப்பார்? செல்லு பாக்கறது பாவமா, எத்தனை மணி நேரத்துக்கு மேல பாவம்? இப்படி.

எல்லாத்தையும் பாஸ்டர்கிட்ட கொண்டு போனேன். பதில் சொல்றது அவர் பொறுப்பு. அவர் நல்ல மனுஷன், ஆனா பயந்துட்டார். ஒவ்வொண்ணா எடுத்துப் படிச்சு, வேர்த்த கையைச் சட்டையில துடைச்சார். "இதுல பாதிக்கு எனக்கே தெரியாதும்மா எஸ்தரு. பிள்ளைங்க முன்னாடி எப்புடி நிக்கறது?" என்றார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க பாஸ்டர். எனக்கு அன்னைக்கு யாராச்சும் அத சொல்லியிருந்தாக்கூடப் போதும்" என்றேன். பாஸ்டரம்மா உள்ளே மிளகாய் கிள்ளிக்கிட்டிருந்தாங்க. தலையைக் கூடத் திருப்பலை. "கரண்டு பில்லு கட்டுனீங்களான்னு நான் கேட்டா மட்டும் தெரியலன்னு டக்குனு வருது. அதயே அங்கயும் சொல்லுங்க."

யார் எழுத்து?

ஒரு சீட்டு மட்டும் வேற மாதிரி. "எங்க அப்பா குடிச்சிட்டு அம்மாவ அடிக்கிறாரு. ஞாயித்துக்கிழமை முன் பெஞ்சுல உக்காருறாரு. ஆண்டவருக்கு இது தெரியுமா?" அவ்வளவுதான். நோட்டு ரூல் தாள், பச்சைப் பேனா.

இது சாலமோன் ஐயா காதுக்கு எப்படியோ போயிடுச்சு. வூட்டுக்கே வந்துட்டார். அதைப் படிக்கக் கூடாதுன்னார். முன் பெஞ்சுல உக்காருறது ஏழெட்டு பேரு, ஏழெட்டுக் குடும்பத்துக்கும் மானம் போகும்னார். அப்புறம் குரலை இறக்கி, அந்தச் சீட்டைக் காட்டு, யாரு எழுத்துன்னு பாக்கணும்னார். டப்பா அரிசி டிரம்முக்குள்ள இருந்தது. நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். "ஐயா, நான் ஏழாவது. எனக்கு எழுத்து பாத்து ஆள் கண்டுபுடிக்கத் தெரியாது. தெரிஞ்சாலும் காட்ட மாட்டேன். இத எடுத்துட்டா மத்த எல்லாச் சீட்டையும் எடுத்துடுவேன், கூட்டமே வேணாம்" என்றேன். நிஜத்துல எனக்கு எழுத்து யாருதுன்னு தெரியும். அந்தப் பிள்ளையோட அம்மாவை நானும் பாஸ்டரம்மாவும் தனியாப் போயிப் பாத்தோம். அது இங்க எழுதுற விஷயம் இல்லை. ஐயா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பினார். படியிறங்கினவர் திரும்பி, "ஏழாவது ஏழாவதுன்னு சொல்லிக்கினே நீ வக்கீலு கணக்கா பேசற" என்றார்.

சுவரோட பேச்சு

பதினஞ்சு நிமிஷம் நான் பேசணும். எழுதி வெச்சு மனப்பாடம் பண்ணினேன். எங்க வூட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுறவர். ஒரு மத்தியானம் சாப்பிட்டு உக்காந்தவர் முன்னாடி நின்னு பேசிக் காட்டினேன். முடிச்சுட்டுத் திரும்பினா, சாஞ்சு உக்காந்து பல்லு குத்திக்கிட்டிருக்கார். எப்படி இருந்ததுன்னு கேட்டேன். "நல்லாத்தான் கீது. ஆனா நீ என்னப் பாத்துப் பேசல. காலண்டரப் பாத்துப் பேசின. அது வந்து உக்காருமா கூட்டத்துல?"

அன்றைக்கு

சனிக்கிழமை காலை பத்து மணி. போன வருஷம் வந்ததுல பாதிப் பேருதான் வந்தாங்க. பரிசு இல்லைன்னு தெரிஞ்ச கூட்டம் அவ்வளவுதான். கௌசல்யா வந்தாள். அஞ்சலையக்காவும் வந்து கடைசி பெஞ்சுல உக்காந்தாங்க. அதே பெஞ்சோட அடுத்த நுனியில சாலமோன் ஐயா, மடியில நோட்டு, கையில வாட்ச்சு. என் முறை வந்தப்ப எழுதி வெச்சிருந்தது எல்லாம் மறந்து போச்சு. பிள்ளை வேற அழுதான். வாங்கி இடுப்புல வெச்சுக்கிட்டேன். அவன் இடுப்புல இருந்தா எனக்குக் கொஞ்சம் தைரியம்.

என் தம்பியைப் பத்திச் சொன்னேன். ஆஸ்பத்திரி வராண்டாவைச் சொன்னேன். என் முழங்கையைப் பிடிச்ச அக்காவைச் சொன்னேன், பிள்ளைங்க சிரிச்சாங்க. "ஏன் அவன் பொழைக்கலன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. ஒண்ணு தெரியும். இயேசுவோட சிநேகிதன் செத்தப்ப அவரு கல்லறைகிட்ட நின்னு அழுதாரு. கொஞ்ச நேரத்துல அவன எழுப்பப் போறோம்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் அழுதாரு. என் தம்பிக்கும் அழுதிருப்பாருன்னு நம்பறேன். அதனாலதான் நான் அவர விடல. உங்களையும் அவரு விடமாட்டாரு. நம்பறதும் நம்பாததும் நீங்க யோசிச்சுப் பண்ணுங்க, அவசரம் இல்ல" என்றேன். மலைப் பிள்ளைங்க மூணாவது பெஞ்சுலேருந்து என்னையே உத்துப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. வந்த அழுகையை முழுங்கிட்டேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் டப்பாவைத் திறந்தோம். பாஸ்டர் ஒவ்வொண்ணாப் படிச்சார். நாலு தடவை தெரியலைன்னு சொன்னார். மொதல் தடவை சொன்னப்ப பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. ரெண்டாவது தடவை சொன்னப்ப முன்பக்கமாச் சாஞ்சு உக்காந்தாங்க. பச்சைப் பேனா சீட்டு வந்தது. அவர் அதை முழுசாப் படிச்சார். "ஆண்டவருக்குத் தெரியும். அடிக்கிறது பாவம். எந்த பெஞ்சுல உக்காந்தாலும் பாவம். அடி வாங்குறவங்க தப்பில்ல அது. இத யாரு எழுதியிருந்தாலும், எங்க வூட்டுக் கதவு எந்நேரமும் தொறந்திருக்கு" என்றார். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கலை. அதுக்கப்புறம் டப்பா தேவைப்படலை. வாயாலேயே கேக்க ஆரம்பிச்சாங்க. கௌசல்யா எழுந்து, எங்க சாமிகிட்டயும் இந்த மாதிரி கேள்வி கேக்கலாமான்னாள். யாருகிட்ட வேணாலும் கேளும்மா, கேக்கறத நிறுத்தாதன்னார் பாஸ்டர்.

நாலு மணிக்குக் கடைசி ஜெபம் பண்ணி, கூட்டம் முடிஞ்சதுன்னு சொன்னேன். யாரும் எந்திரிக்கலை. இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. மலைக்குப் போற பஸ்ஸு நாலரைக்கு. அதை விட்டா அன்னைக்கு வேற வண்டி கிடையாது. நாலே கால் ஆச்சு. சாலமோன் ஐயா பெஞ்சை விட்டு எழுந்தார். நோட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடுவால நடந்து வந்து, வாட்ச்சைத் தட்டிக் காட்டினார். "எந்திரிங்கப்பா, எந்திரிங்க கண்ணுங்களா, உங்க கால்ல வேணாலும் வுழுறேன், கூட்டம் முடிஞ்சுபோச்சு, எந்திரிங்க."

ஒரு காலிக் கட்டம்

சபையோட மேலிடத்துக்கு அனுப்புற ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்கு: தீர்மானம் எடுத்தவர்கள் எத்தனை பேர். கை தூக்கினவங்க கணக்கு அதுலதான் போகும். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் ஐயா பேனாவோட வந்தார். "எத்தினி போடட்டும்?" என்றார். "கேக்கலீங்க ஐயா" என்றேன். "ஒரு அஞ்சு பேராவது போடலாமா?" என்றார். "கேக்காதத எப்புடிங்க போடுவீங்க? கட்டத்தக் காலியா வுடுங்க. வேணும்னா கீழ, எத்தினி கேள்வி கேட்டாங்கன்னு எழுதுங்க. நான் எண்ணித் தரேன்" என்றேன். முப்பது வருஷம் டைம் ஆபீஸ்ல ஒரு கட்டத்தைக் காலியா விட்டதில்லைன்னார். அடுத்த வருஷம் நானே நடத்தலாமான்னு நான் அவரைக் கேக்கலை. அடுத்த வருஷத்துக்குத் தேதி குறிச்சுட்டேன், மலைப் பிள்ளைங்ககிட்டயும் சொல்லிட்டேன்னு மட்டும் சொன்னேன். அவர் ஃபாரத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்தார். கடைசியில அந்தக் கட்டத்தைத் தாண்டி அடுத்த வரிக்குப் பேனாவைக் கொண்டு போனார். "எளுதுனவங்க, எளுதாம கேட்டவங்க, ரெண்டயும் தனித்தனியா எண்ணிக் குடு. சும்மா குத்துமதிப்பா சொல்லக் கூடாது, ஆமா."

ஆகக்கூடி, இந்த வேலையில இயேசுவை நான் ஏத்துக்க வெச்ச ஆளுங்க ஒருத்தருமில்லை, எந்திரிச்சுப் போன ஆளுங்களும் ஒருத்தருமில்லை. எதைப் பெருசா எடுத்துக்கறதுன்னு மேலிடமும் ஆண்டவரும் பேசி முடிவு பண்ணிக்கட்டும், அதுக்குள்ள நான் அண்டா கழுவிட்டு வந்துடறேன்.